எஞ்சின் ஓடுகிறது, டிராக்டர் நகரவில்லை

பஞ்சாப் மாநிலம் சங்ரூர் மாவட்டத்துக் கிளையொன்றில் நாம் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்தது இது. நவம்பர் மாதத்தின் முதல் வாரம். காலையில் கிளையின் கதவு திறந்தவுடனேயே நம் நெடுநாள் வாடிக்கையாளரான விவசாயி ஒருவர் உள்ளே வந்தார். அவர் நம்மிடம் டிராக்டர் கடன் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு தவணையும் தவறியதில்லை.

"மேனேஜர் சாகிப், டிராக்டர் வயலின் நடுவே நின்றுவிட்டது. எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. லீவரை முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும் ஓர் அடி கூட நகரவில்லை" என்றார். கையில் சாலையோரப் பட்டறை ஒன்று எழுதிக் கொடுத்த மதிப்பீடு இருந்தது. கியர்ப் பெட்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, வால்வுத் தொகுதி இரண்டையும் மாற்ற வேண்டும் என்றும், ரூ.1,40,000 ஆகும் என்றும் அதில் கண்டிருந்தது. அத்தொகையைக் கூடுதல் கடனாகக் கேட்டு வந்திருந்தார்.

அவருடைய அவசரம் நமக்கு விளங்கியது. அப்பகுதியில் அக்டோபரில் நெல் அறுவடை முடிந்து, நவம்பர் நடுப்பகுதிக்குள் கோதுமை விதைப்பு முடிய வேண்டும். விதைப்பு தள்ளிப்போனால், மணி முற்றும் பருவத்தில் மார்ச் மாத வெப்பம் பயிரைத் தாக்கி விளைச்சலைக் குறைத்துவிடும். நெல் தாளை எரிக்காமலே விதைக்க உதவும் ஹேப்பி சீடர், சூப்பர் சீடர் போன்ற கருவிகளை இழுக்கத் திறன் மிகுந்த டிராக்டர் தேவை. அண்டை வீட்டாரிடம் இரவல் கேட்கவும் வழியில்லை. அந்த நாள்களில் எல்லார் டிராக்டரும் வயலில்தான் இருக்கும்.

கடன் கொடுப்பதற்குத் தடை ஏதும் இல்லை. விண்ணப்பப் படிவத்தை எடுத்தும் விட்டோம். அப்போது அருகிலிருந்த நம் கிளையின் வேளாண் அலுவலர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டாஷ்போர்டில் என்ன குறியீடு காட்டியது?" அந்தக் கேள்வி அவருக்கும் நமக்கும் ஒரு பாடமாயிற்று. அப்பாடத்தையே இங்கு வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

டிராக்டருக்குள் மின்னணு எவ்வாறு வந்தது

பழைய டிராக்டரில் ஓட்டுநரின் காலும் கையுமே கிளட்சையும் கியரையும் நேரடியாக இயக்கின. இன்று திறன் மிகுந்த டிராக்டர்கள் பலவற்றில் நிலைமை வேறு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த டிரெம் 4 புகை விதிமுறைகள் எஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாட்டைப் பரவலாக்கின. அதற்கு முன்பே சில மாதிரிகளின் கியர்ப் பெட்டிக்குள் மின்னணு நுழைந்திருந்தது. இவற்றில் பரவலாகக் காணப்படுவது பவர் ஷட்டில் எனப்படும் அமைப்பு ஆகும்.

இதன் இயக்கம் எளியது. கியர்ப் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் தட்டுகள் இரண்டு அடுக்குகளாக உள்ளன. ஒன்று முன்னோக்கிச் செல்வதற்கு, மற்றொன்று பின்னோக்கிச் செல்வதற்கு. பம்பு தரும் எண்ணெய் அழுத்தம் எந்த அடுக்கை இறுக்குகிறதோ அத்திசையில் டிராக்டர் நகரும். எண்ணெயை எந்த அடுக்கிற்கு அனுப்புவது என்பதை முடிவு செய்பவை சோலினாய்டு வால்வுகள். அவற்றிற்கு மின்சாரம் அளிப்பது கட்டுப்பாட்டுப் பெட்டி. ஸ்டியரிங் அருகிலுள்ள லீவர் கியரை நேரடியாகத் தொடுவதே இல்லை. "முன்னே செல்ல விரும்புகிறேன்" என்ற வேண்டுகோளை மட்டுமே அது பெட்டிக்கு அனுப்புகிறது.

வேண்டுகோளைப் பெற்ற பெட்டி உடனே இணங்கிவிடுவதில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறாரா, பார்க்கிங் பிரேக் விடுவிக்கப்பட்டுள்ளதா, ஸ்டார்ட் செய்தபோது லீவர் நியூட்ரலில் இருந்ததா, கிளட்ச் பெடல் எந்த நிலையில் உள்ளது, பேட்டரியின் மின்னழுத்தம் போதுமா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறது. ஒரு விடை தவறினாலும் வால்வுக்கு மின்சாரம் செல்லாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், டிராக்டர் நிற்கும்.

ஆகவே முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இது: நகராத டிராக்டர் பழுதுபட்ட டிராக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டி தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கலாம். எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

சோதனைக்கு முன் பாதுகாப்பு

நின்ற டிராக்டர் திடீரென நகரக்கூடும் என்று கருதியே எதையும் தொடங்க வேண்டும். பின்னால் உள்ள கருவியைத் தரையில் இறக்குக. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்குக. அடியில் எட்டிப் பார்க்கும் முன் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்க. டிராக்டருக்கு முன்னோ சக்கரங்களுக்கு இடையிலோ எவரும் நிற்கலாகாது.

படிப்படியான சோதனை

செலவில்லாததில் தொடங்கிச் செலவு மிகுந்ததை நோக்கிச் செல்வதே முறை.

1. நிபந்தனைகள்: சாவியை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுக்க. இருக்கையில் முழுமையாக அமர்ந்து, எல்லா லீவர்களையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பி.டி.ஓ.வை நிறுத்தி, கிளட்சை முழுவதும் அழுத்தி ஸ்டார்ட் செய்க. பார்க்கிங் பிரேக்கை முற்றிலும் விடுவித்த பின்னர் லீவரை நகர்த்துக. இருக்கையின் அடியில் உள்ள சுவிட்ச் மண்ணாலும் வைக்கோலாலும் அடைபட்டிருப்பதும், பிரேக் லீவர் இறங்கியும் அதன் சுவிட்ச் விடுபடாதிருப்பதும் வயலில் அடிக்கடி காணப்படுபவை. டாஷ்போர்டில் பார்க்கிங் பிரேக் விளக்கு அணைகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

2. திசை: முன்னேயும் நகரவில்லை, பின்னேயும் நகரவில்லை என்றால் இரண்டிற்கும் பொதுவான ஒன்றில் குறை உள்ளது. எண்ணெய் மட்டம், எண்ணெய் வடிகட்டி, பம்பு, மின்வழி, மேற்கண்ட நிபந்தனைகள் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு திசையில் மட்டும் நகர்கிறது என்றால் அடுத்த திசைக்குரிய வால்வு, அதன் வயர், அதன் கிளட்ச் அடுக்கு ஆகியவற்றையே ஐயுற வேண்டும். எவ்விதக் கருவியும் இன்றி விவசாயியே செய்யக்கூடிய இச்சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகச் சுருக்கிவிடும்.

3. எண்ணெய்: டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, கையேட்டில் சொல்லியபடி கியர்ப் பெட்டி எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க. எண்ணெய் குறைந்திருந்தாலோ வடிகட்டி அடைபட்டிருந்தாலோ மின்னணு முழுவதும் நலமாக இருந்தும் கிளட்ச் இறுகாது. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள்.

4. பேட்டரி: மல்டிமீட்டர் ஒன்றை ஒவ்வொரு டிராக்டர் உரிமையாளரும் வைத்திருத்தல் நன்று, அதன் விலை சில நூறு ரூபாய்தான். ஓய்வில் இருக்கும் முழு மின்னூட்டம் பெற்ற பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்றால் பாதி மின்னூட்டமே உள்ளது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12 வோல்ட் அளவிலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்னூட்டம் தரவில்லை என்பது தெளிவு. எஞ்சின் ஓடுவதற்குப் போதுமான மின்சாரம், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போதாமல் இருக்கலாம்.

5. ஃபியூஸ், ரிலே, கனெக்டர்: கியர்ப் பெட்டிக் கட்டுப்பாட்டிற்குத் தனி ஃபியூஸ் இருக்கும், அதன் இடம் ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் அளவுள்ளதையே பொருத்த வேண்டும். அதுவும் உடனே எரிந்தால் வயர் எங்கோ உரசுகிறது. பிறகு கனெக்டர்களைக் கழற்றிப் பார்க்க. பச்சை படிந்த முனை, வளைந்த ஊசி, எலி கடித்த உறை, அழுத்த நீரால் கழுவியபோது புகுந்த ஈரம் ஆகியவையே பொதுவாகக் காணப்படும் குறைகள்.

6. குறியீடு: புதிய டிராக்டர்களில் பிழைக் குறியீடு பெரும்பாலும் இரு பகுதிகளாக வரும். எஸ்.பி.என். எனப்படும் எண் எந்த உறுப்பு என்பதைச் சொல்லும். எஃப்.எம்.ஐ. எனப்படும் எண் என்ன வகைக் குறை என்பதைச் சொல்லும். எஃப்.எம்.ஐ. 3 என்றால் மின்னழுத்தம் அளவுக்கு மேல். 4 என்றால் அளவுக்குக் கீழ். 5 என்றால் மின்னோட்டம் குறைவு, அதாவது பெரும்பாலும் வயர் அறுந்த நிலை. 6 என்றால் மின்னோட்டம் மிகுதி அல்லது எர்த்தில் உரசல். ஆகவே 5 என்று வந்தால் உறுப்பை மாற்றுமுன் அதற்குச் செல்லும் வயரைப் பார்ப்பதே அறிவுடைமை. குறியீட்டை அழிக்கும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்க. அழித்துவிட்டால் சாட்சியும் போய்விடும்.

மூன்று குறியீடுகள், ஒரு காரணம்

இனி சங்ரூர் வாடிக்கையாளரிடம் திரும்புவோம். வேளாண் அலுவலரின் கேள்விக்கு அவர் தம் கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினார். மூன்று குறியீடுகள் இருந்தன. ஒன்று லீவரின் சென்சாரைப் பற்றியது, மற்றொன்று வால்வைப் பற்றியது, மூன்றாவது வேக சென்சாரைப் பற்றியது. பட்டறைக்காரர் இதைக் கண்டுதான், "மூன்றும் போய்விட்டன என்றால் பெட்டியே போய்விட்டது" என்று முடிவு கட்டியிருந்தார்.

நம் அலுவலர் கூறியது வேறு. "நேற்று மாலை வரை உழைத்த மூன்று உறுப்புகள் ஒரே காலையில் ஒன்றாகப் பழுதாவது அரிது. மூன்றுக்கும் பொதுவானது எது என்று பார்க்க வேண்டும்" என்றார். படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, டிராக்டர் நிறுவனத்தின் சேவை மையத்தோடு பேசினோம். மறுநாள் காலை அவர்களுடைய டெக்னீஷியன் வயலுக்கு வந்தார். நாமும் சென்றிருந்தோம்.

அவர் பெட்டியைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறு முனையைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த் வயரிலும் வைத்து, லீவரை நகர்த்தச் சொன்னார். நல்ல எர்த் என்றால் மின்சாரம் பாயும்போதும் அங்கு 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அங்கே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

வயரைத் தொடர்ந்து சென்று சேஸிஸில் எர்த் பொருத்தப்படும் போல்ட்டைக் கழற்றினார். அங்கு நிறுவனத்தின் எர்த் வயருக்கு மேலாக மற்றொரு வயரும் செருகப்பட்டிருந்தது. டிராக்டரில் ஒலிபெருக்கி பொருத்துவது அப்பகுதியில் வழக்கம். ஆம்பிளிஃபையருக்கு எர்த் தேடியவர் அதே போல்ட்டைத் தளர்த்தித் தம் வயரை இணைத்துவிட்டார். மீண்டும் நன்கு முறுக்கவில்லை. ஒரு பருவமழையின் ஈரத்தில் போல்ட்டைச் சுற்றித் துரு படிந்திருந்தது. லீவரை நகர்த்தி வால்வுக்கு மின்சாரம் செல்லும்போதெல்லாம் எர்த்தில் தடை ஏற்பட்டு, பெட்டிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் சரிந்தது. சென்சார்கள் சொன்னதெல்லாம் அதற்குத் தவறாகப்பட்டது. பாதுகாப்புக் கருதி அது டிராக்டரை நிறுத்தியது.

போல்ட்டைச் சுற்றித் துருவைத் தேய்த்து, ஆம்பிளிஃபையர் வயரை அகற்றி, புதிய முனை பொருத்தி முறுக்கினார். குறியீடுகளை அழித்து ஸ்டார்ட் செய்தபோது டிராக்டர் நகர்ந்தது. சேவைக் கட்டணத்தையும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. ரூ.1,40,000 கடன் விண்ணப்பம் நிரப்பப்படாமலே கிழிக்கப்பட்டது.

அந்தப் பெட்டியை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். போல்ட் அப்படியே இருந்திருக்கும். புதிய பெட்டியும் அதே குறியீடுகளைக் காட்டியிருக்கும். கடனும் நின்றிருக்கும், டிராக்டரும் நின்றிருக்கும்.

இவ்வகை எர்த் குறையை டிராக்டரை நிறுத்தி வைத்து ஓம் அளவில் சோதித்தால் பிடிபடாது. ஒரே ஒரு செப்பு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் நல்லதென்றே காட்டும். மின்சாரம் பாயும்போது வோல்ட் அளவில் சோதித்தால்தான் உண்மை வெளிப்படும். மெக்கானிக்கிடம் இதை நாமே கேட்கலாம்: "எர்த்தில் வோல்ட் இழப்பைப் பார்த்தீர்களா?"

டெக்னீஷியனிடம் விட வேண்டியவை

மேற்கண்டவற்றில் விடை கிடைக்காவிட்டால் பயிற்சி பெற்றவரை அழைப்பதே முறை. கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் எனப்படும் முறுக்கிய இரட்டை வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை உண்டு. மின்சாரத்தைத் துண்டித்து அளந்தால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்துள்ளது. இதனை அளப்பதும், எண்ணெய் அழுத்தத்தை அளப்பதும், வால்வு அல்லது கிளட்ச் மாற்றியபின் மின்னணு முறையில் சீரமைப்பதும் அவர்களுக்குரிய பணிகள்.

செய்யக்கூடாதவை

• இருக்கை சுவிட்சையோ நியூட்ரல் சுவிட்சையோ வயரால் நேரடியாக இணைத்து ஏமாற்றலாகாது. ஓட்டுநர் இல்லாமலே டிராக்டர் நகர அது வழி செய்யும்.

• தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்குரு டிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்யலாகாது. கியரில் இருந்தால் பின்சக்கரம் எதிரே நிற்பவர் மீதே ஏறும்.

• டிராக்டரிலோ அதனுடன் இணைந்த கருவியிலோ வெல்டிங் செய்யும் முன் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் கனெக்டர்களைப் பற்றிக் கையேடு சொல்வதையும் பின்பற்றுக.

• லாரியின் 24 வோல்ட் பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுத்து ஸ்டார்ட் செய்யலாகாது.

• பவர் ஷட்டில் டிராக்டரைத் தள்ளியோ இழுத்தோ ஸ்டார்ட் செய்ய முடியாது. எஞ்சின் ஓடாதபோது கிளட்சை இறுக்கும் எண்ணெய் அழுத்தமே இராது. கட்டி இழுத்துச் செல்வதானாலும் கையேடு அனுமதிக்கும் வேகத்தையும் தூரத்தையும் மீறக்கூடாது. எண்ணெய் பாயாத கியர்ப் பெட்டி தேய்ந்துபோகும்.

வங்கியின் பார்வையில் சில குறிப்புகள்

முதலாவது, உத்தரவாதம். ஒலிபெருக்கி, கூடுதல் விளக்கு ஆகியவற்றுக்காக வயரிங்கை வெட்டி இணைத்திருந்தால் அதனால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் மறுக்கப்படலாம். அவற்றைப் பொருத்தியே ஆக வேண்டுமெனில், தனி ஃபியூஸோடு பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் எடுக்கச் சொல்லுக. சேவை ரசீதுகளைக் கடன் ஆவணங்களோடு பத்திரப்படுத்துக.

இரண்டாவது, காப்பீடு. டிராக்டர் காப்பீடு இருக்கிறதே என்று பலர் நம்பியிருக்கின்றனர். அடிப்படை மோட்டார் காப்பீட்டில் இயந்திரப் பழுதும் மின்பழுதும் தேய்மானமும் விலக்கப்பட்டவை. விபத்து, தீ, திருட்டு போன்றவற்றுக்கே அது பயன்படும். ஆகவே பழுது பார்க்கும் செலவுக்கென்று ஒவ்வோர் அறுவடையிலும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பிலோ சேமிப்பிலோ ஒதுக்கிவைப்பது நலம்.

மூன்றாவது, தவணை. டிராக்டர் கடன் தவணைகள் பெரும்பாலும் அறுவடை வருவாயை ஒட்டியே அமைக்கப்படுகின்றன. பழுதால் விதைப்பு தடைப்பட்டு வருவாய் குறையும் என்று தோன்றினால், தவணை நாள் கடந்த பின் வருவதை விட அதற்கு முன்பே கிளைக்கு வந்து சொல்லுக. முன்கூட்டிச் சொல்பவருக்கு வழி காண்பது வங்கிக்கும் எளிது.

நான்காவது, பழுதுக்கான கடன். பெரிய தொகைக்கு மதிப்பீடு வந்தால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டா. என்ன குறியீடு வந்தது, எந்தச் சோதனையின் அடிப்படையில் இவ்வுறுப்பு பழுது என்று முடிவு செய்யப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுக. அவ்விரண்டும் இல்லாத மதிப்பீடு வெறும் ஊகமே.

அந்த நவம்பருக்குப் பின் நாம் எந்தக் கிளைக்கு மாற்றலாகிச் சென்றாலும், டிராக்டர் பழுதுக்காகக் கடன் கேட்டு வருபவரிடம் முதலில் கேட்பது ஒன்றே: "குறியீட்டின் படம் இருக்கிறதா?" சிலர் வியப்போடு பார்ப்பார்கள், வங்கி அலுவலருக்கு இது எதற்கு என்று நினைப்பார்கள். கடன் கொடுப்பது வங்கியின் தொழில்தான். ஆயினும் தேவையில்லாத கடன் ஒன்றை வாடிக்கையாளர் தோளில் ஏற்றாமல் இருப்பதும் அத்தொழிலில் அடங்கியதே. சங்ரூர் வாடிக்கையாளர் அவ்வாண்டும் காலத்தில் விதைத்தார். ஏப்ரலில் கோதுமையை விற்றுவிட்டு வந்து, வழக்கம் போலத் தவணையைக் கட்டினார். போகும்போது, "ஆம்பிளிஃபையரைக் கழற்றவில்லை, சாகிப், அதற்குத் தனி வயர் போட்டுவிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.